விருந்தினருக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஓட்டல் ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் 'ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்' என்று சொல்கிறார்களே தவிர, எந்த ஆங்கிலம் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. மாமல்லபுரம் போன்ற ஊரில் ஒரு நடுத்தர ஓட்டலின் ரிசப்ஷன் அருகே ஒரு நாள் நின்று கேட்டால் போதும். அங்கே பேசப்படும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி, விருந்தினரை ஏதாவது செய்யச் சொல்வது. இல்லையென்றால் செய்ய வேண்டாம் என்று சொல்வது. இங்கே கையெழுத்துப் போடுங்கள், கார்டை இதில் செருகுங்கள், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கடலில் இறங்காதீர்கள். இதற்கு நான்கைந்து வாக்கிய அமைப்புகள் கைவசம் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அவற்றில் சொல்லை மாற்றி வைப்பதுதான்.

இன்னொரு நிம்மதியும் உண்டு. மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டவர் எல்லாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்று பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களும் நம்மைப் போலப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தாம். நீளமான வாக்கியம் அவர்களையும் தடுமாற வைக்கும். ஆகவே சின்ன வாக்கியமாக, நிதானமாகச் சொல்லுங்கள். ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், ரூம் சர்வீஸ், செக்யூரிட்டி என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் கீழுள்ள படிகளை வரிசையாகப் பழகலாம்.

படி 1: மரியாதைக்குரிய நான்கு அமைப்புகள்

'உட்காருங்க' என்றாலே தமிழில் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி கிடையாது. 'சிட்', 'வெயிட்', 'கம்' என்றால் வெறும் 'உட்கார்', 'இரு', 'வா'தான். நீங்கள் மனதுக்குள் 'வாங்க' என்று நினைத்துக்கொண்டு 'கம், கம்' என்றாலும், கேட்பவர் காதில் அது ஏவலாகவே விழும். மரியாதையைத் தனிச் சொல்லாக வெளியே வைக்க வேண்டும். இலேசானதிலிருந்து கனமானது வரை நான்கு அமைப்புகள்:

• 'ப்ளீஸ்' + செயல். உடனே முடிகிற சின்ன வேலைக்கும், விருந்தினரின் வசதிக்கான காரியத்துக்கும் இது போதும். 'ப்ளீஸ் ஹேவ் அ ஸீட்' – உட்காருங்கள். 'ப்ளீஸ் சைன் ஹியர்' – இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

• 'குட் யூ ப்ளீஸ்…?' விருந்தினர் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தால் இப்படிக் கேளுங்கள். 'குட் யூ ப்ளீஸ் ஃபில் இன் திஸ் ஃபார்ம்?' – இந்தப் படிவத்தை நிரப்பித் தர முடியுமா?

• 'மே ஐ…?' அவருடைய பொருளையோ அறையையோ தொடவேண்டி வந்தால் அனுமதி கேட்கும் அமைப்பு. 'மே ஐ டேக் யுவர் பேக்ஸ்?' – பைகளை எடுத்துக்கொள்ளட்டுமா? ஹவுஸ்கீப்பிங்கில் கதவைத் தட்டி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, 'மே ஐ கம் இன்?' என்று கேட்டபிறகே உள்ளே போக வேண்டும்.

• 'வுட் யூ மைண்ட்…?' சங்கடமான கோரிக்கைக்கு. 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் டென் மினிட்ஸ்?' – பத்து நிமிடம் காத்திருப்பதில் சிரமம் இல்லையே? இதற்கு அவர் 'நோ' என்றோ 'நாட் அட் ஆல்' என்றோ சொன்னால் சம்மதம் என்று பொருள். மறுத்துவிட்டார் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

'யூ மஸ்ட்' என்று தொடங்காதீர்கள்; அது உத்தரவு. கட்டாயமான விதியைச் சொல்லும்போதும் 'யூ வில் நீட் டு…' என்று சொன்னால் அழுத்தம் குறையும்.

உச்சரிப்பில் ஒரு கவனம் தேவை. தமிழில் எழுதும்போது 'குட் யூ', 'குட் மார்னிங்' இரண்டிலும் ஒரே 'கு'தான். வாயில் அப்படி வரக்கூடாது. 'குட் யூ'வில் வருவது 'குடை'யில் வரும் வல்லொலி. 'குட் மார்னிங்'கில் வருவது 'அங்கு' என்பதில் வரும் மெல்லொலி.

படி 2: காரணத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

விருந்தினர் முகம் சுளிப்பது பெரும்பாலும் 'ஏன் செய்யவேண்டும்' என்று தெரியாததால்தான். பாஸ்போர்ட் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களைக் குடியேற்றத் துறைக்கு ஓட்டல் அனுப்பியாக வேண்டும். நமக்கு இது அன்றாட வேலை. அவருக்கோ, ஊர் பேர் தெரியாத இடத்தில் தன் பாஸ்போர்ட் கைமாறுகிற நேரம். 'பாஸ்போர்ட் கிவ்' என்று கை நீட்டினால் பயம் வரத்தானே செய்யும்?

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'மே ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட் அண்ட் வீசா, ப்ளீஸ்? வீ நீட் தெம் ஃபார் கவர்ன்மென்ட் ரெஜிஸ்ட்ரேஷன். ஐ வில் கிவ் தெம் பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்.'

முதல் வாக்கியம் கோரிக்கை, இரண்டாவது காரணம், மூன்றாவது எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கோரிக்கையும் கசக்காது. அறை தயாராகவில்லையா? 'யுவர் ரூம் இஸ் பீயிங் க்ளீன்ட். இட் வில் பி ரெடி இன் டுவென்ட்டி மினிட்ஸ். ப்ளீஸ் ஹேவ் அ ஸீட் இன் த லாபி.' 'சம் டைம்', 'ஜஸ்ட் நவ்' என்று பொதுவாகச் சொல்லாமல் நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு பதினைந்தில் கொடுத்தால் சந்தோஷம். பத்து என்று சொல்லிவிட்டு பதினைந்தாக்கினால் புகார்.

படி 3: கட்டடத்துக்குள் வழி சொல்வது

வழி சொல்ல ஐந்து துண்டுகளைப் பழகினால் போதும்: 'கோ ஸ்ட்ரெய்ட்' – நேராகப் போங்கள், 'டர்ன் லெஃப்ட்', 'டர்ன் ரைட்' – இடப்பக்கம், வலப்பக்கம் திரும்புங்கள், 'கோ பாஸ்ட் த ரெஸ்டாரன்ட்' – ரெஸ்டாரன்ட்டைத் தாண்டிப் போங்கள், 'இட் இஸ் ஆன் யுவர் ரைட்' – உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும், 'இட் இஸ் நெக்ஸ்ட் டு த லிஃப்ட்' – லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழி சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் 'ப்ளீஸ்' தேவையில்லை. அவர் கேட்டு நீங்கள் சொல்கிறீர்கள்; அங்கே வெறும் வினையே மரியாதைக் குறைவாகாது.

கவனிக்க வேண்டியவை மூன்று.

மாடிக் கணக்கு. நமக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கும் தரைத்தளம் 'கிரவுண்ட் ஃப்ளோர்', அதற்கு மேலே உள்ளது 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. அமெரிக்கர்களுக்குத் தரைத்தளமே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. ஆகவே 'ஒன் ஃப்ளோர் அப்' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், குழப்பம் தீரும்.

பின்பக்கம். நீச்சல் குளம் 'பேக்ஸைடில்' இருக்கிறது என்று சொல்லவே கூடாது. வெளிநாட்டார் காதில் அது உடம்பின் பின்புறம். 'த பூல் இஸ் பிஹைண்ட் த பில்டிங்' என்பதே சரி.

கை. ஒற்றை விரலை நீட்டாமல் விரித்த உள்ளங்கையால் திசையைக் காட்டுங்கள். சொல் புரியாதவருக்கும் கை புரியும். முடிந்தால், 'ப்ளீஸ் கம் வித் மீ, ஐ வில் ஷோ யூ' என்று நாலடி கூடவே நடந்துவிடுங்கள்.

படி 4: அறையைக் காட்டும்போது

அறைக்குள் சொல்ல வேண்டியவை நிறைய. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் ஒன்றும் நிற்காது. முதலில் கார்டும் ஏசியும், அடுத்து தண்ணீர், பிறகு மின்சாரம், கடைசியில் போன் என்று எப்போதும் ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கும் மறக்காது. ஒவ்வொன்றையும் செய்து காட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

• கார்டு: 'ப்ளீஸ் புட் த கீ கார்ட் இன் திஸ் ஸ்லாட். தென் த லைட்ஸ் வில் வொர்க்.' – கார்டை இதில் வைத்தால்தான் விளக்கு எரியும்.

• ஏசி: 'ப்ளீஸ் கீப் த பால்கனி டோர் க்ளோஸ்ட் வென் த ஏசி இஸ் ஆன்.'

• வெந்நீர்: நாம் சொல்லும் 'கீசர்' பல வெளிநாட்டாருக்கு, தரையிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்று. 'வாட்டர் ஹீட்டர்' என்று சொல்லுங்கள். 'ப்ளீஸ் ஸ்விட்ச் ஆன் த வாட்டர் ஹீட்டர் ஃபிஃப்டீன் மினிட்ஸ் பிஃபோர் யுவர் ஷவர்.'

• குடிநீர்: 'ப்ளீஸ் டோன்ட் டிரிங்க் த டேப் வாட்டர். வீ கிவ் யூ டிரிங்கிங் வாட்டர் ஃப்ரீ.' அமெரிக்கர்கள் குழாயை 'ஃபாசெட்' என்பார்கள். ஆனால் 'டேப் வாட்டர்' அவர்களுக்கும் புரியும்.

• மின்சாரம்: இந்தியாவில் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அங்கிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரை அப்படியே செருகினால் புகைந்துவிடலாம். 'அவர் பவர் இஸ் டூ தர்ட்டி வோல்ட்ஸ். ப்ளீஸ் செக் யுவர் ஹேர் டிரையர் பிஃபோர் யூ ப்ளக் இட் இன்.' பிளக் பொருந்தாவிட்டால், 'வீ ஹேவ் அன் அடாப்டர் அட் ரிசப்ஷன்.'

• போன்: 'ஃபார் எனி ஹெல்ப், ப்ளீஸ் டயல் நைன்.' உங்கள் ஓட்டலில் எந்த எண்ணோ அதைச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்: 'இஸ் தேர் எனிதிங் எல்ஸ் யூ நீட்?'

படி 5: எண், மணி, தேதி, பாஸ்வேர்டு

வாக்கியம் சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'டீன்' என்பதை நீட்டி அழுத்திச் சொல்லுங்கள். பிறகு 'ஒன் ஃபைவ்' என்று இலக்கங்களாகவும் சொல்லுங்கள். அறை எண்ணையும் 'டூ ஒன் த்ரீ' என்று தனித்தனியாகச் சொல்வதே வழக்கம்.

மணி சொல்லும்போது 'ஹாஃப் ஃபோர்' வேண்டாம். பிரிட்டிஷ்காரருக்கு அது நாலரை. ஜெர்மானியர் தம் மொழி வழக்கப்படி மூன்றரை என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஃபோர் தர்ட்டி இன் த மார்னிங்' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. செக் அவுட் 12 மணி என்றால் 'ட்வெல்வ் நூன்'. தேதியில் அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 5/4 என்பது அவர்களுக்கு மே 4. ஆகவே மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டில் வரும் @ குறியை நாம் 'அட் த ரேட்' என்போம். வெளிநாட்டாருக்கு அது வெறும் 'அட்'. நீங்கள் சொல்வதை எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கீழே வருவார்கள். பாஸ்வேர்டை அச்சிட்ட சீட்டில் கொடுப்பதே நல்லது: 'ஹியர் இஸ் த பாஸ்வேர்ட். த ஃபர்ஸ்ட் லெட்டர் இஸ் அ கேபிட்டல்.'

படி 6: 'முடியாது', 'கூடாது' சொல்வது

'நோ, நாட் பாஸிபிள்' என்று நேராகச் சொன்னால் கதவைச் சாத்தியது போல இருக்கும். 'ஐ அம் அஃப்ரெய்ட்…' என்று தொடங்கி, மறுப்பைச் சொல்லி, உடனே மாற்று வழியைக் கொடுங்கள்.

• 'ஐ அம் அஃப்ரெய்ட் ஸ்மோக்கிங் இஸ் நாட் அலவ்ட் இன் த ரூம். யூ கேன் ஸ்மோக் இன் த கார்டன்.'

• 'ஐ அம் அஃப்ரெய்ட் த பூல் க்ளோஸஸ் அட் எய்ட். இட் ஓபன்ஸ் அகெய்ன் அட் செவன் இன் த மார்னிங்.'

• 'ஐ அம் அஃப்ரெய்ட் த கிச்சன் இஸ் க்ளோஸ்ட் நவ். ஐ கேன் பிரிங் யூ சேண்ட்விச்சஸ் அண்ட் டீ.'

இங்கே 'அஃப்ரெய்ட்' என்பது பயத்தைக் குறிக்காது. வருத்தத்தோடு சொல்கிறேன் என்ற பொருள். மறுப்பில் 'யூ' என்று ஆளைச் சுட்டாமல் விதியைச் சுட்டுவதைக் கவனியுங்கள். 'யூ கேனாட் ஸ்மோக்' என்றால் அவரைத் தடுக்கிறீர்கள். 'ஸ்மோக்கிங் இஸ் நாட் அலவ்ட்' என்றால் எல்லாருக்குமான விதியைச் சொல்கிறீர்கள். அனுமதிக்கும் பகுதியில் மட்டும் 'யூ கேன்' வரட்டும்.

படி 7: ஊர் சுற்றப் போகிறவருக்கு

ஓட்டல் வாசலில் விருந்தினர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் உங்கள் ஊரைப் பொறுத்தது. மாமல்லபுரத்துக்கு உரியவை இவை:

• டிக்கெட்: 'ப்ளீஸ் கீப் யுவர் டிக்கெட். யூ நீட் த சேம் டிக்கெட் ஃபார் த ஷோர் டெம்பிள் அண்ட் த ஃபைவ் ரதாஸ்.' கட்டணத்தை வாயால் சொல்வதென்றால் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

• கோயில்: கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். தலசயனப் பெருமாள் கோயிலோ வழிபாடு நடக்கிற கோயில். அங்கே போகிறவருக்கு, 'ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ் அட் த என்ட்ரன்ஸ். ப்ளீஸ் கவர் யுவர் ஷோல்டர்ஸ் அண்ட் நீஸ்.' காஞ்சிபுரம் கிளம்புகிறவருக்கு, 'மெனி டெம்பிள்ஸ் க்ளோஸ் அட் நூன் அண்ட் ஓபன் அகெய்ன் அட் ஃபோர். ப்ளீஸ் ஸ்டார்ட் அர்லி.'

• கடல்: இதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடாது. 'ப்ளீஸ் டோன்ட் ஸ்விம் இன் த ஸீ. த வாட்டர் புல்ஸ் யூ அவுட். இட் இஸ் டேஞ்சரஸ் ஹியர்.' ஐரோப்பியருக்குக் கடல் என்றால் குளியல். நம் கரையின் இழுவை அவருக்குத் தெரியாது. ஆகவே காரணத்தை விடாமல் சொல்லுங்கள்.

• ஆட்டோ: 'ப்ளீஸ் ஆஸ்க் த ப்ரைஸ் பிஃபோர் யூ கெட் இன்.'

படி 8: ஆபத்து நேரத்தில் மரியாதைச் சொற்களை விடுங்கள்

இதுவரை பழகியதற்கு நேர்மாறான படி இது. தீப்பிடித்த நேரத்தில் 'வுட் யூ மைண்ட்' என்று ஆரம்பித்தால், விஷயம் அவசரமில்லை என்றே விருந்தினர் நினைப்பார். அப்போது வெறும் வினைச்சொல்தான் வேண்டும். உரத்த, நிதானமான குரலில், மூன்று நான்கு சொற்களாகச் சொல்லுங்கள்:

'ஃபயர்! லீவ் யுவர் ரூம் நவ்!'
'யூஸ் த ஸ்டேர்ஸ். டோன்ட் யூஸ் த லிஃப்ட்.'
'லீவ் யுவர் பேக்ஸ்.'
'ஃபாலோ மீ.'

புகை இருந்தால் 'ஸ்டே லோ' – குனிந்தே வாருங்கள்.

புயல் கடற்கரை ஓட்டல்களுக்குப் புதிதில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் தேவைப்படுபவை: 'ஸ்டே இன்சைட். கீப் அவே ஃப்ரம் த விண்டோஸ். வீ வில் பிரிங் ஃபுட் டு யுவர் ரூம்.'

உடம்புக்கு முடியாமல் போனவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஆறுதல்: 'ஹெல்ப் இஸ் கமிங். ஐ அம் ஸ்டேயிங் வித் யூ.' பொதுவான அவசர எண் 112, ஆம்புலன்ஸுக்கு 108. எண்களை விருந்தினரிடம் கொடுத்துவிட்டு நகராதீர்கள். நீங்களே பேசுங்கள், ஊர்ப் பெயரும் அடையாளமும் உங்களுக்குத்தான் தெரியும்.

படி 9: புரிந்ததா என்று பார்ப்பது

'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்பது வாத்தியார் மாணவனைக் கேட்பது போல ஒலிக்கும். பழியை உங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு, 'வாஸ் தட் க்ளியர், ஆர் ஷல் ஐ ஸே இட் அகெய்ன்?' என்று கேளுங்கள். நேரம், இடம் போன்றவற்றைத் திரும்பச் சொல்லி உறுதி செய்யுங்கள்: 'ஸோ, டாக்ஸி அட் ஃபோர் தர்ட்டி, டுமாரோ மார்னிங், டு சென்னை ஏர்போர்ட். இஸ் தட் ரைட்?'

அவர் சொன்னது உங்களுக்குப் புரியாவிட்டால் 'எஸ், எஸ்' என்று தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன் ஸ்லோலி, ப்ளீஸ்?' என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. அப்படியும் புரியவில்லையா? 'ஒன் மொமென்ட், ப்ளீஸ். ஐ வில் கால் மை கலீக்.' நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று வெளிநாட்டாருக்குத் தெரியாது. 'எஸ்' அல்லது 'நோ' வாயால் வரட்டும்.

நம் ஊர் ஆங்கிலத்தில் மாற்ற வேண்டியவை

இவை நமக்குள் தப்பில்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

• 'லைட் ஆன் பண்ணு' என்பதை வைத்து 'ஆன் த லைட்' என்கிறோம். சொல்ல வேண்டியது: 'ஸ்விட்ச் ஆன் த லைட்'.
• 'கரண்ட் இஸ் கான்': 'த பவர் இஸ் அவுட். த ஜெனரேட்டர் வில் ஸ்டார்ட் ஸூன்.'
• சாப்பாட்டுக்குப் 'பார்சல்': 'டேக்அவே'. அமெரிக்கர் 'டு கோ' என்பார்.
• சாப்பிடும் இடத்தை 'ஹோட்டல்' என்பது: 'ரெஸ்டாரன்ட்'. இல்லையென்றால் பக்கத்து ஓட்டலில் அறை பார்க்கச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்.
• 'கர்ட்': 'ப்ளெயின் யோகர்ட்'.
• 'டூ வீலர்': 'மோட்டார்பைக்' அல்லது 'ஸ்கூட்டர்'.
• 'வாட் இஸ் யுவர் குட் நேம்?': 'மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?'
• 'மிஸ்டர்' சேர்த்து முதற்பெயரைச் சொல்வது: பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் உள்ள வரியைப் பார்த்து அதனோடு 'மிஸ்டர்', 'மிஸ்' சேருங்கள்.

எப்படிப் பழகுவது?

முதல் வாரம் படி 1, 2 மட்டும். உங்கள் பிரிவில் தினமும் சொல்ல நேர்கிற பத்து விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு அமைப்புகளில் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து, காரணத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். சீனியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் காலி அறை ஒன்றில் படி 4-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சக ஊழியர் விருந்தினராக நிற்கட்டும். நீங்கள் சொன்னதை மட்டும் அவர் செய்யவேண்டும். தனக்குத் தெரிந்ததைச் செய்யக்கூடாது. எந்த இடத்தில் அவர் விழிக்கிறாரோ அந்த வாக்கியத்தைச் சுருக்குங்கள். செல்போனில் பதிவுசெய்து கேட்டால் வேகம் தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் எண், மணி, மறுப்பு, ஊர் வழி. நான்காம் வாரம் படி 8-ஐ மட்டும் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து பழகுங்கள். தீயணைப்புப் பயிற்சி நடக்கும் நாளில் இந்த வாக்கியங்களையும் அதோடு சேர்த்துவிட்டால் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

முன்னேற்றத்தை அளக்கப் பரீட்சை எதுவும் வேண்டாம். ரிசப்ஷனுக்கு அறைகளிலிருந்து வரும் போன்களைக் கவனியுங்கள். 'லைட் எரியவில்லை', 'வெந்நீர் வரவில்லை', 'பாஸ்வேர்டு தப்பு' என்று வருகிற அழைப்புகள் குறைந்துகொண்டே போனால், அறையைக் காட்டியவர் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது. குறையவில்லை என்றால் எந்த அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ, அதற்குரிய வாக்கியத்தை நாளைக் காலையே மாற்றி எழுதுங்கள்.